இன்று யார் எந்தப் படகில்

எனக்குச் சம்பளம் தருவதே குறை சொல்வதற்குத்தான். கல்முனையில் மாடியொன்றில் இருக்கும் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் மற்றவர்கள் செயலி எழுதுவார்கள். அது எங்கே சறுக்குகிறது என்று நான் தோண்டித் துருவிப் பார்ப்பேன். நபீஸா, அதாவது நான், கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டால் பெரிய கெட்டிக்காரர்களுக்கும் வேர்த்துவிடும். வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். கறியில் உப்புக் கூடினால் கூடியது என்றுதான் சொல்ல முடியும்.

அப்படிப்பட்ட நான் ஒருத்தியின் வேலையைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயர் சஹ்லா. எங்கள் அலுவலகத்தின் மூத்த நிரலாளர். அடக்கமான பெண் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தான் எழுதியதைத் தானே வாசித்து, "எவ்வளவு வடிவா இரிக்கி பாரு கா" என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாள். அடுத்தவர் எழுதியது பிடிக்காவிட்டால் "எழும்புங்க" என்று சொல்லி, அவருடைய கதிரையிலேயே உட்கார்ந்து திருத்துவாள். கூட்டங்களுக்கு வரமாட்டாள். வந்தால் கூட்டம் முடியாது. இந்தத் தலைக்கனம் ஒரு நாளைக்கு என்னிடம் வசமாக மாட்டும் என்று நானும் காத்திருந்தேன். எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

விஷயம் "கரைச்செய்தி"யில் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து மீனவர் சங்கமொன்றுக்காக நாங்கள் செய்த சேவை அது. கடற்கரையில் வலையும் மிசினும் வைக்கும் கொட்டிலை வாடி என்போம். அந்த வாடியிலிருந்து ஒரு படகு, எங்கள் பேச்சில் போட்டு, புறப்பட்டதும் கணக்கப்பிள்ளை ஆதம்பாவா தன் போனில் படகின் பெயரைத் தட்டுவார். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை தட்டுவார். வரவேண்டிய நேரம் கடந்தும் படகு வரவில்லையென்றால், அதில் போனவர்களின் வீடுகளுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும். மற்றப் படகுக்காரருக்கும் போகும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்று சொல்வது லேசு. வாடியில் தட்டும் செயலி, சங்கத்தின் கணினி, செய்தி அனுப்பும் சேவை மூன்றும் ஒன்றோடொன்று கதைக்க வேண்டும். கதைப்பதற்கு முன் எது எதுவென்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படகு என்றால் என்ன, அதற்குள் என்னென்ன விபரம் இருக்கும், ஆள் என்றால் என்ன, செய்தி என்றால் என்ன என்றெல்லாம் எழுதும் வரையறைகளைத்தான் நாங்கள் ஏபிஐ ஸ்கீமா என்போம். எங்கள் முதலாளி றிஸ்மி படகுக்கு ஒரு கோப்பு எழுதினார். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் வினோதன் ஆட்களுக்கு ஒன்று எழுதினான். செய்திக்கு எழுதிய அபுல் ஹஸன் எழுதி முடித்த கையோடு கட்டாருக்குப் போய்விட்டான். சஹ்லா அப்போது வேறொரு வேலையில் இருந்தாள். அவசரத்தில் மூன்றையும் வெட்டி ஒட்டி ஒரே கோப்பாக்கினார்கள். அதன் தலையில் தொடங்கி அடிக்குப் போவதற்குள் நான் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடுவேன்.

முதல் கிழமையே குறை தொடங்கியது. அபுல் ஹஸன் தொலைபேசி இலக்கத்தை எண் என்று வரையறுத்திருந்தான். எண் என்று சொல்லிவிட்டால் முன்னால் நிற்கும் பூச்சியம் கணினிக்குத் தேவையில்லை. 077 வெறும் 77 ஆகிவிட, செய்தி போகவில்லை. நான் சொன்னேன், திருத்தினார்கள். கொஞ்ச நாளில் அதே பிழை வேறொரு பக்கத்தில் தலைகாட்டியது. பார்த்தால், அதே தொலைபேசி இலக்கத்துக்கு அந்தப் பெரிய கோப்பில் மூன்று இடங்களில் மூன்று வரையறைகள். ஒன்றைத் திருத்த, மற்ற இரண்டும் பழையபடி கிடந்தன. "இது கோப்பில்ல சேர், குப்பத்தொட்டி" என்று றிஸ்மியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்து மழுப்புவதில் அவர் விண்ணர்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உள்ளே இருந்தது. அதை நானும் காணவில்லை.

எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை முஸ்லிம் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். ஜும்ஆத் தொழுகை, பிறகு வீட்டில் நல்ல சாப்பாடு, உடம்புக்கும் ஓய்வு. படகு மட்டும் சும்மா கிடக்காது. பாண்டிருப்பு ஆட்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுடைய கோயில் தீமிதிப்பு நாட்களில் இவர்கள் போய் அவர்களுடைய படகுகளை எடுப்பார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, யாரும் மாற்ற நினைத்ததும் இல்லை. ஆனால் எங்கள் கோப்பில் ஒவ்வொரு படகின் வயிற்றுக்குள்ளும் அதன் ஆட்கள் மூன்று பேரும் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தார்கள்.

சஹ்லாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரர், மீராமுகைதீனுக்கு ஒரு படகு இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனது வினோதனின் அண்ணன் ரஜிதனும் இன்னும் இரண்டு பாண்டிருப்பு ஆட்களும். கடலில் மிசின் நின்றுவிட்டது. நேரம் கடந்ததும் கரைச்செய்தி தன் வேலையைச் செய்தது. "உங்கள் கணவர் சென்ற படகு இன்னும் கரை சேரவில்லை" என்று மீராமுகைதீனின் மனைவி போனைப் பார்த்து வாசிக்கும்போது, அந்தக் கணவர் அவருக்கு முன்னால் இருந்து சோற்றில் இறைச்சி ஆணத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். மற்ற இரண்டு வீடுகளிலும் இதே கூத்துத்தான். ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

மீராமுகைதீன் சோற்றை வைத்துவிட்டு எழும்பி, இன்னொருவரின் படகில் தேடிப் போனார். அவர் நல்ல மனுசன். ஆனால் பாண்டிருப்பில் ரஜிதனின் வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. முன்பென்றால் யாராவது சைக்கிளை எடுத்திருப்பார்கள். இப்போதுதான் செய்தி அனுப்ப ஒன்று இருக்கிறதே, போயிருக்கும்தானே என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

ரஜிதனுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடிக்கும் பம்பை அவன் கடலுக்குக் கொண்டுபோவதில்லை, நனைந்துவிடும் என்று. பகலோடு வழக்கமாகத் திரும்பிவிடுவான். அன்று பொழுது படும்வரை ஈரக்காற்றில் கிடந்து, மூச்சை இழுத்து இழுத்து, உதடு நீலமாகித்தான் கரைக்கு வந்தான். அப்படியே ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பம்பு வீட்டு அலுமாரியில் இருந்தது.

அவன் மனைவி விதுசா அடுத்த கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தேடிப்போன போட்டுல பம்பைக் குடுத்து விட்டிருப்பன்," என்றாள். "அவ்வளவுதான் நான் செஞ்சிருப்பன். எனக்கு ஒரு ஆளும் சொல்லல்ல." பிறகு கணவனின் தம்பியைப் பார்த்தாள். "வினோதன், உங்கட இதுக்குள்ள உங்கட அண்ணன்ட பேர் இல்லையா?"

"இரிக்கு மச்சாள்," என்றான் வினோதன், நிலத்தைப் பார்த்தபடி. "வேற போட்டுக்குள்ள இரிக்கு."

"வெள்ளிக்கிழமையில ஆள் மாறிப் போறது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். கொழும்பிலிருந்து ஒருவன் வந்து இதைச் செய்திருந்தால், ஒன்றும் தெரியாதவன் என்றபடியால் ஆயிரம் கேள்வி கேட்டாவது அதை எழுதியிருப்பான். நாங்கள் பிறந்ததிலிருந்து அறிந்த விஷயம். அறிந்தபடியால் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

"அவர் இனி எந்தப் போட்டுல போனாலும் எனக்குத் தெரிய வேணும்," என்றாள் விதுசா. "ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க. அவர் கடலுக்குப் போற நாளெல்லாம் நான் கரையில வந்து நிக்கிறன்."

சங்கத்திலிருந்தும் சொல்லியனுப்பினார்கள். அடுத்த கூட்டத்துக்குள் சரிப்படுத்தாவிட்டால் கரைச்செய்தியை நிறுத்திவிடுவார்களாம். விதுசா படியிறங்கியதும் றிஸ்மி கைகளைத் தட்டினார்.

"ஒரு வரி போடுவம். வெள்ளிக்கிழமையெண்டா பாண்டிருப்பு ஆக்கள். முடிஞ்சி."

பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சஹ்லா எழும்பி வந்தாள்.

"தீமிதிப்பு வந்தா?"

"அதுக்கு இன்னொரு வரி."

"நோன்பு வந்தா? ஒத்தனுக்குக் காச்சல் வந்தா? ஒத்தன் கலியாண ஊட்டுக்குப் போனா?"

"அத அப்ப பாப்பம் கா."

"அப்ப பாக்கக்குள்ள இன்னொரு ஆள் ஆசுபத்திரியில இரிப்பாரு சேர். எழும்புங்க."

முதலாளி எழும்பினார். எங்கள் அலுவலகத்தில் அது நடக்கும். சஹ்லா அந்த நீளக் கோப்பைத் தலையிலிருந்து அடிவரை ஒரு தடவை வாசித்தாள். நான் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நக்கலாக ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தால், "நான் எழுதியிருந்தாலும் இத உட்டுத்தான் இரிப்பன் நபீஸா. காக்காட போட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் காணுற" என்றாள்.

பிறகு அவள் செய்ததைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். படகுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, வாடிக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோப்பு. தொலைபேசி இலக்கம், நேரம், இடம் போல எல்லாருக்கும் தேவைப்படுகிறவற்றைப் பொதுவான ஒரு கோப்பில் வைத்தாள். தேவைப்படுகிற கோப்பு அதைத் திரும்ப எழுதாது. அங்கே போய்ப் பார் என்று ஒரு வரியால் காட்டும், அவ்வளவுதான். பொதுக் கோப்பில் பூச்சியத்தை ஒரு தடவை திருத்தினாள். எல்லா இடத்திலும் சரியாகிவிட்டது. மாதக்கணக்காக நான் தொண்டை கிழியக் கத்திய பிழை, அவள் பிளேன்டீ ஆறுவதற்குள் போய்விட்டது.

இயந்திரங்களுக்குக் கடைசியில் ஒரே கோப்புத்தான் வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கருவியை வைத்தாள். பொத்தானைத் தட்டினால் அது எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, காட்டிய இடங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு முழுக் கோப்பாகக் கட்டித் தரும். கட்டிய கோப்பின் தலையில், "இது தானாக உருவானது. திருத்த வேண்டுமென்றால் துண்டுக்குப் போங்கள்" என்று எழுதினாள். றிஸ்மி வழக்கம்போல நேரே கட்டிய கோப்பில் கை வைத்தார். அடுத்த தடவை பொத்தானைத் தட்டியதும் அவர் திருத்தியதெல்லாம் மறைந்துபோனது. "எழுதித்தானே வெச்சிருக்கன் சேர்" என்றாள் சஹ்லா. அன்று நான் வயிறு நோகச் சிரித்தேன்.

ஒரு முடிச்சுத்தான் அவிழவில்லை. படகுக் கோப்பு தன் ஆட்களைக் காட்டியது. ஆள் கோப்பு தன் படகைக் காட்டியது. கட்டும் கருவி படகிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து படகுக்கும் சுற்றிச் சுற்றி ஓடிக் களைத்து நின்றது. இரண்டில் ஒன்றை வெட்டிவிடலாம் என்றான் வினோதன். எதை வெட்டுவது என்று அவனும் றிஸ்மியும் பிடிவாதம் பிடித்தார்கள். சஹ்லா ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காத பகலை அலுவலகத்தில் அன்றுதான் கண்டோம்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து இரண்டையும் வெட்டினாள்.

படகுக்குப் பெயரும் பதிவிலக்கமும் மிசினும் மட்டும் மிஞ்சின. ஆளுக்குப் பெயரும் வீடும் தொலைபேசியும் மட்டும் மிஞ்சின. படகுக்கு ஆளைத் தெரியாது, ஆளுக்குப் படகைத் தெரியாது. பிறகு புதிதாக ஒரு கோப்பைத் திறந்தாள். அதற்குப் "பயணம்" என்று பெயர் வைத்தாள். இன்ன நாள், இன்ன படகு, அதில் ஏறிய இன்ன ஆட்கள், புறப்பட்ட நேரம். செய்தி இனிமேல் பயணத்தை மட்டும்தான் கேட்கும். வெள்ளிக்கிழமை என்ற சொல்லே அதில் இல்லை. தீமிதிப்பும் இல்லை, நோன்பும் இல்லை. அன்று காலையில் யார் ஏறினார்களோ அவர்கள்தான் அதில் இருப்பார்கள்.

"பாருங்க வினோதன்," என்றாள். "ஒங்கட காக்கா எங்கட போட்டுட ஆளும் இல்ல, ஒங்கட போட்டுட ஆளும் இல்ல. அவரு ஏறின போட்டுட ஆள்."

"இவ்வளவு லேசா அக்கா?" என்று கேட்டான் வினோதன்.

நான் அதில் குறை தேடினேன். மனசாரத் தேடினேன். ஒருவருமே ஏறாமல் ஒரு பயணத்தைப் பதிய முடிகிறது என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். "அது சரிதான், ஆளில்லாமப் போட்டு போகாது" என்று சொல்லி ஒரு வரியில் திருத்தினாள். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு பொறாமை போய்ச் சந்தோஷம் வந்தது. ஒரு வேலையை இவ்வளவு துப்புரவாகச் செய்கிற ஒருத்திக்குப் பக்கத்து மேசையில் நான் இருக்கிறேன் என்ற சந்தோஷம்.

ஆதம்பாவாதான் முறுகினார். முன்பு படகை மட்டும் தட்டினால் போதும். இப்போது ஏறுகிற ஒவ்வொருவரையும் தட்ட வேண்டும். "விடியச்சாமத்துல நான் வலையப் பாக்கிறயா, பேரத் தேடுறயா" என்றார். சஹ்லா வாடிக்கே போய் எல்லாருடைய முகத்தையும் படமெடுத்துப் போனில் போட்டுக் கொடுத்தாள். எழுத்தைத் தேட வேண்டாம், முகத்தைத் தட்டினால் போதும். சங்கக் கூட்டத்தில் ஆதம்பாவாவே எழும்பி எங்களுக்காகக் கதைத்தார். கரைச்செய்தி பிழைத்தது.

வாடைக்காற்று தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தது. என் திரையில் ஒரு படகு சிவப்பாகியது. மீராமுகைதீனின் படகு. மூன்று வீடுகளுக்குச் செய்தி போய்விட்டது. நான் வாயைத் திறக்குமுன் சஹ்லாவின் போன் அடித்தது. இரண்டு கையாலும் தட்டெழுதிக்கொண்டிருந்தவள், போனை மேசையில் வைத்தபடியே சத்தமாகக் கேட்கும்படி திருப்பிவிட்டாள்.

அவளுடைய மதினி, மீராமுகைதீனின் மனைவி. சிரித்துக்கொண்டு கதைத்தார்.

"என்ன சஹ்லா, ஒங்கட மிசினுக்குத் திரும்பவும் பைத்தியமா? ஒங்கட காக்கா இன்னும் கரைக்கு வரல்லயாம். போன முறை மாதிரிப் பொய்தானே இதுவும்? நான் போனத் தூக்கி வெச்சிட்டு என்ட வேலையப் பாக்கிறன்."

சஹ்லா பயணத்தைத் திறந்தாள். விடிய ஆதம்பாவா தட்டிய மூன்று முகங்களும் வரிசையாக இருந்தன. மீராமுகைதீன். அவருடைய பழைய ஆள் இப்றாலெப்பை. மூன்றாவது ஆள் நிந்தவூரில் கலியாண வீட்டுக்குப் போனபடியால் அவனுடைய இடத்தில் ஏறிய ரஜிதன்.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வேலை பிழையாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் கண்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது குறை சொல்லமாட்டாயா என்று கெஞ்சுகிற பார்வை. குறை சொல்லியே சாப்பிடுகிறவள் நான். அன்று என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இல்ல மதினி," என்றாள் சஹ்லா. "பொய்யில்ல. காக்கா கடல்லதான் இரிக்காரு. நான் வாறன், கரைக்கு வாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் சஹ்லாவும் வினோதனும் ஆட்டோவில் போய் இறங்கும்போது காற்று மணலை வாரி அடித்தது. தேடிப் போகும் படகு ஏற்கனவே போய்விட்டிருந்தது. தண்ணீர் ஓரத்தில் விதுசா நின்றாள். செருப்பில்லை. சீலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. அவள் எங்களைக் காணவில்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படகைத் தள்ளும்போது அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், பொலித்தீன் பையில் கட்டிய பம்பைப் படகுக்காரரின் கையில் கொடுத்ததாக ஆதம்பாவா சொன்னார். செய்தி வந்ததும் முதலில் ஓடிவந்தவள் அவள்தான். கொஞ்ச நேரத்தில் மதினி வந்தார், இப்றாலெப்பையின் மனைவி வந்தார். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பெரிதாகப் பழக்கமில்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மதினி ஓதிக்கொண்டிருந்தார். சஹ்லா மணலில் குந்திவிட்டாள்.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் இரண்டு படகுகள் தெரிந்தன. முன்னது பின்னதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மீராமுகைதீன் இறங்கும்போதே மிசினை விற்றவனை ஏசிக்கொண்டு இறங்கினார். இப்றாலெப்பை பசிக்குது என்றார். ரஜிதன் கடைசியாக இறங்கினான். பம்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். மெதுவாக, ஆனால் ஒருவர் கையையும் பிடிக்காமல், மணலில் நடந்து வந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. சீராக இருந்தது.

விதுசா அவனை ஒரு தடவை தலை முதல் கால்வரை பார்த்தாள். பிறகு வினோதனிடம், இதைத் திருத்தியது யார் என்று கேட்டாள். அவன் சஹ்லாவைக் காட்டினான். அவள் வந்து சஹ்லாவுக்கு முன்னால் குந்தினாள்.

"செய்தி வந்தோன பயந்துதான் போனன் அக்கா," என்றாள். "ஆனா என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு."

சஹ்லா விதுசாவின் நனைந்த கைகளைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.